கிள்ளான்: ஆறும் ஊரும் சொல்லும்

ஜெஞ்சாரோமில் வாழும் நமக்குக் கிள்ளான் அயலூர் அன்று. தீபாவளித் துணிக்கும் தாலிப் பொன்னுக்கும் தெங்கு கிளானா சாலைக்குச் செல்வது நம் வழக்கம். வாங்கச் செல்லும் நாம் அவ்வூரைக் காணச் செல்வது அரிது. ஆற்றங்கரையில் எழுந்த அப்பழைய நகரத்தின் வரலாற்றையும், அங்குக் காணத்தக்கனவற்றையும் சுருங்கக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயர்

1365ஆம் ஆண்டில் சாவகத்தில் இயற்றப்பட்ட நாகரகிருதாகமம் இவ்வூரைக் குறிப்பிடுகிறது. இங்குக் கிடைத்த தொன்மையான வெண்கல மணி ஒன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. எனவே ஊரும் பழையது, பெயரும் பழையது. 'கிளாங்' என்பது மோன்-கெமர் மொழிச்சொல் என்பர் சிலர். ஆலை, கிடங்கு எனப் பொருள்படும் 'கிலாங்' என்னும் மலாய்ச்சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். தமிழர் நாவில் அது கிள்ளான் ஆயிற்று. மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராது. மொழியிறுதியில் ஙகர மெய் நில்லாது. தொல்காப்பியத்தை ஓதாத தோட்டத் தொழிலாளியும் அவ்விலக்கணம் வழுவாமலே இவ்வூரை அழைத்தார்.

ஆறும் ஈயமும்

1857இல் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்கள் ஈயம் தேடி இறங்கிய ஆற்றுக்கூடலிலேயே பின்னர்க் கோலாலம்பூர் தோன்றியது. ஈயமும் உணவுப்பொருளும் இறக்கி ஏற்றப்பட்ட ராஜா அப்துல்லாவின் கிடங்கு இன்றும் கிள்ளானில் நிற்கிறது. ஆற்று வாணிகத்தின் வரியை யார் பெறுவது என்னும் பூசல் 1867 முதல் 1874 வரை போராக நீண்டது. அப்போரின் விளைவாக ஆங்கிலேயர் உள்நுழைந்தனர். 1875 முதல் 1880 வரை சிலாங்கூரின் ஆட்சித் தலைமையிடம் கிள்ளானே. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை வந்தது. 1890இல் அது ஆற்றைக் கடந்து நகரை அடைந்தது. 1901இல் கழிமுகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் கப்பல் வாணிகம் அங்குச் சென்றது.

காணத்தக்கவை

தொடர்வண்டி நிலையத்தில் இறங்குவோர் நடந்தே பலவற்றைக் காணலாம். ராஜா அப்துல்லாவின் கிடங்கு, ஹப்பக் வரைந்தளித்த 1909ஆம் ஆண்டுக் கட்டடத்திலுள்ள சுல்தான் அப்துல் அசீஸ் அரச காட்சிக்கூடம், 1930களில் எழுந்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசல், சுந்தரராஜப் பெருமாள் கோவில் ஆகியவை சிறப்புடையன. கோத்தா பாலம் இரண்டு தளம் உடையது. அதன் கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரியது.

மிதிவண்டி

இச்சொல்லில் சற்றே நிற்க வேண்டுகிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு மற்றொன்றையும் கேட்டனர்: வெள்ளைத்துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். கூலி உயர்வைக் கேட்டவர்கள் மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதே அவ்வரலாற்றின் உயிர்நிலை.

அரசர் கட்டிய மாளிகை நிற்கும். வணிகர் கட்டிய கிடங்கும் நிற்கும். தொழிலாளர் வாழ்ந்த லயங்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற உடைமை சொற்களே. மலாய் 'கெத்தா' அவர்கள் வாயில் 'கித்தா' ஆயிற்று. வடநாட்டுச் 'சடக்' இங்குச் 'சடக்கு' ஆயிற்று. காலை உணவு 'பசியாறல்' ஆயிற்று. கங்காணி, பிரட்டு, வெட்டுக்காடு என்னும் சொற்களை அன்றாடம் புழங்கியோர் இன்று முதியோர், பலர் மறைந்துவிட்டனர்.

ஆதலின் அவையோரிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்தமுறை கிள்ளானுக்குச் செல்லும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பாலத்தின் கீழ்த்தளத்தில் அவரோடு மெல்ல நடங்கள். அவர் சொல்லும் ஊர்ப்பெயர், தோட்டப்பெயர், தொழிற்சொல் அனைத்தையும் அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டா. அவ்வேடுகளே நம் மக்களுக்கு இவ்வாற்றங்கரையில் எஞ்சும் கட்டடம்.