'செட்' எனும் சிறு சொல்லின் பெருங்கதை



2007ஆம் ஆண்டு. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட காலம் அது. 2003இல் தொடங்கிய அக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டதை அனைவரும் அறிவோம். கதிரவன் கிழக்கில் 'ரைஸ்' ஆகிறது, மேற்கில் 'செட்' ஆகிறது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், செட் என்றால் ஒரு தொகுதிதானே? என்னிடம் ஜியோமெட்ரி செட் இருக்கிறது. சூரியன் எப்படி டீச்சர் செட் ஆகும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆங்கிலத்தில் அது அப்படித்தான். மனப்பாடம் செய்துகொள்" என்று கூறி அவளை அமர வைத்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. பிள்ளைகள் முன்னிலையில் தெரியாது என்று சொல்ல அன்று மனம் வரவில்லை.

விடையைத் தேடப் புகுந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அத்தேடல் என்னை ஒரு பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் பெயர் ஜேம்ஸ் மர்ரே. 1837இல் ஸ்காட்லாந்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். தாமாகவே பல மொழிகளைக் கற்று, அன்று இலண்டனுக்கு அருகிலிருந்த மில் ஹில் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1879இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். பள்ளி வளாகத்திலேயே இரும்புத் தகடுகளால் ஒரு கொட்டகை அமைத்து வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில், எந்த ஆண்டில், எந்தப் பொருளில் ஆளப்பட்டுள்ளது என்பதைத் துண்டுத்தாள்களில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களை வேண்டினார். மூட்டை மூட்டையாய் வந்து குவிந்த அத்தாள்களை அவருடைய பிள்ளைகளும் அமர்ந்து பிரித்து அடுக்கினர். (விடைத்தாள்களைத் திருத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் நமக்கு இக்காட்சி புதிதன்று.) முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முழுப்பணியும் 1928இல்தான் நிறைவெய்தியது. அதைக் காண மர்ரே உயிரோடு இல்லை. 1915இல் அவர் மறைந்துவிட்டார்.

நீண்ட, அரிய சொற்கள்தாம் இவர்களைத் திணறடித்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. அரிய சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். அன்றாடம் வாயில் புழங்கும் சிறு சொற்களே பக்கம் பக்கமாய் நீண்டன. 1755இல் சாமுவேல் சான்சன் தனி ஒருவராய்த் தொகுத்த அகராதியிலேயே 'டேக்' எனும் சொல்லுக்கு 134 பொருள்கள் தரப்பட்டன. ஆக்சுபோர்டு அகராதியில் அந்தப் பெருமை 'செட்' எனும் வினைச்சொல்லைச் சேர்ந்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு மட்டும் 430 பொருள்கள். விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள்!

இத்தனை பொருள்களும் எங்கிருந்து வந்தன? இங்கேதான் தமிழாசிரியர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்' என்பது, அமர்தலைக் குறிக்கும் 'சிட்' எனும் வினையின் பிறவினை. அமர்தல், அமர்த்துதல். இருத்தல், இருத்துதல். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பிறவினை விகுதி தேய்ந்து மறைந்தது. உள்ளே ஓர் உயிரொலி மட்டும் மாறி நின்றது. 'ஃபால்' என்றால் விழுதல். மரத்தை வீழ்த்துவது 'ஃபெல்'. 'லை' என்றால் கிடத்தல், கிடத்துவது 'லே'. நாம் தன்வினை, பிறவினை என்று கற்பிக்கும் அதே பாடம், ஆங்கிலத்தின் அடியில் புதைந்து கிடக்கிறது.

ஒன்றை ஓரிடத்தில் இருத்துவது என்னும் அந்த ஒரு கருத்திலிருந்தே மற்றவை கிளைத்தன. நம் 'வை' எனும் சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வு வைக்கிறோம், தீ வைக்கிறார்கள், பொறி வைக்கிறார்கள், கடிகாரத்தில் அலாரம் வைக்கிறோம், பொருளுக்கு விலை வைக்கிறார்கள். இவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் 'செட்' பொருந்தும். 'சிந்திக்க வைத்தது' என்று நாம் துணைவினையாய் ஆள்வதைக்கூட ஆங்கிலேயர் 'செட்' கொண்டே சொல்வர். ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஆனால் குழம்பு வைப்பதற்கும் பெயர் வைப்பதற்கும் 'செட்' உதவாது. மொழிபெயர்ப்பில் நம் மாணவர்கள் வழுக்கி விழும் இடமும் அதுவே.

அப்படியானால் ஜியோமெட்ரி செட்? அது வேறு சொல். இலத்தீனில் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' எனும் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் நுழைந்து 'செட்' என்றானது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதன் உடன்பிறப்பு. உருவம் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் கலந்து, ஒன்றன் பொருள் மற்றொன்றின்மீது படிந்தது. நம்மிடமும் இத்தகைய இரட்டைகள் உண்டு. வைத்தலைக் குறிக்கும் 'வை' வேறு. தொல்காப்பிய உரியியல் கூர்மை எனப் பொருள் கூறும் 'வை' வேறு. ஆக, தொகுதி எப்படிச் சாயும் என்று அந்தச் சிறுமி கேட்டது மிக நேர்மையான ஐயம். இரு சொற்கள் ஒட்டிக்கொண்ட இடத்தை அவள் சரியாகத் தொட்டிருந்தாள்.

கதிரவன் செய்தி இன்னும் அழகானது. பழைய ஆங்கிலத்தில் கதிர் மறைவிற்கு 'செட்ல்கங்' என்று பெயர். இருக்கைக்குச் செல்லுதல் என்பது பொருள். நாள் முழுதும் நடந்த ஞாயிறு தன் இருக்கையை அடைகிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'பொழுது அடையும் நேரம்' என்பார்களே, அதே பார்வைதான்.

இன்று 'செட்' முதலிடத்தில் இல்லை. மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப்பணியில் 2000இல் 'மேக்' அதனை முந்தியது, 2007இல் 'புட்', 2011இல் 'ரன்'. 'ரன்' எனும் வினைக்கு 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் எனும் அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதங்கள் உழைத்தார். தொடர்வண்டியும் இயந்திரமும் கணினியும் 'ஓட'த் தொடங்கியபின் அந்தச் சொல் எப்படி ஓயும்?

2022ஆம் ஆண்டு தீபாவளித் திறந்த இல்ல விருந்து ஒன்றில் அந்த மாணவியைக் கண்டேன். இப்போது வேலைக்குச் செல்கிறாள். அன்றைய கேள்வியை நினைவூட்டி, பதினைந்து ஆண்டுகள் தாமதமாக விடையைக் கூறினேன். அவளுக்குக் கேள்வியே மறந்து போயிருந்தது. சற்று நேரம் யோசித்தாள். பிறகு மேசைமீதிருந்த அகார்-அகார் தட்டைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள்: "அப்படியென்றால் இது செட் ஆவதும் அந்த உட்காருவதுதானா டீச்சர்?"

ஆமாம் என்றேன். அதுவும் அசைவு அடங்கி அமர்வதுதான்.