29 வயதுப் படகு ஒன்று கைமாறிய கதை

போன மாதம் எங்கள் மாமா தன் பழைய ஃபைபர் போட்டை விற்றார். வாங்க வந்தவர் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார், அங்கங்கே தட்டிப் பார்த்தார், "எத்தனை வருசப் படகு?" என்று கேட்டார். மாமா வயதைச் சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து, எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டே காட்டிவிட்டார்! அத்தைக்குச் சரியான கோபம். "விக்கிற பொருளை யாராவது இப்படிக் குறை சொல்லுவாங்களா?" விலையும் குறைந்துதான் போனது.

யார் செய்தது சரி என்று வீட்டில் சண்டை இன்னும் ஓயவில்லை. சரி, சரித்திரத்தில் பழைய படகு வாங்கியவர்களுக்கு என்ன ஆனது என்று தேடப் போனேன். கிடைத்தது நான் எதிர்பார்த்ததை விடப் பெரிய கதை.

படகின் பெயர் யோவா. 1872-ல் நார்வேயின் ரோசண்டால் என்ற ஊரில் கட்டப்பட்டது. முதல் சொந்தக்காரர் தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார். ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன சாதாரணப் படகு. நீளம் சுமார் 70 அடி, அகலம் சுமார் 20 அடி, ஒற்றைப் பாய்மரம். 1885-ல் டிராம்சோ ஊர் கேப்டன் ஹான்ஸ் கிறிஸ்டியான் யோஹானசன் அதை வாங்கினார். அடுத்த 16 வருடம் பனிக்கடலில் சீல் வேட்டைக்கு ஓட்டினார்.

1901-ல் அதை அவரிடமிருந்து வாங்கியவர் ரோல்ட் ஆமுண்ட்சென். அவரும் 1872-ல் பிறந்தவர்தான். அதாவது ஆளுக்கும் படகுக்கும் ஒரே வயது!

ஆமுண்ட்சென் போக நினைத்தது வடமேற்குக் கடல்வழி. கனடாவின் வடக்கே, உறைந்த தீவுகளுக்கு நடுவே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் பாதை. 1845-ல் இங்கிலாந்து இதே வேலைக்கு ஃபிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்று இரண்டு பெரிய போர்க்கப்பல்களை அனுப்பியது. அதில் போன 129 பேரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. மூழ்கிய அந்தக் கப்பல்களே 2014-லும் 2016-லும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு பேரரசால் முடியாததை ஒரு பழைய மீன்பிடிப் படகு செய்யுமா?

இங்கேதான் ஆமுண்ட்சென் கணக்குப் போட்டார். அந்தப் பாதையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல் தரை தட்டும், சின்னப் படகு நழுவிப் போய்விடும். ஆளும் குறைவாகப் போதும், சாப்பாடும் குறைவாகப் போதும். இத்தனை வருடம் பனிக்கடலில் அடிபட்டும் உடையாத படகு என்பதே ஒரு சான்றிதழ். புதுப் படகிடம் அந்தச் சான்றிதழ் இருக்காதே!

ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. மரப்படகின் நோய் வெளியே தெரியாது. உப்புத் தண்ணீரை விட, மேல்தளத்தின் இடுக்குகளில் தேங்கும் மழைத் தண்ணீர்தான் மரத்தை அதிகம் உளுக்க வைக்கும். கப்பல் புழு பலகைக்கு உள்ளே துளைத்துக்கொண்டே போகும். ஆணி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துத் தேயும். அதனால்தான் வாங்குகிறவர்கள் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பார்கள், கத்தியால் குத்திப் பார்ப்பார்கள். கடலில் ஓட்டிப் பார்ப்பது அதற்கும் மேலே. ஆமுண்ட்சென் 1901 கோடை முழுவதும் யோவாவை வடக்கே பனிக்கடலில் ஓட்டிப் பழகினார். பிறகு பனி உரசும் இடங்களில் ஓக் பலகை அடித்தார், 13 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றும் பொருத்தினார்.

1903 ஜூன் 16 இரவு, கடன்காரர்கள் வந்து படகைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், கொட்டும் மழையில் 6 பேரோடு கிளம்பிவிட்டார்.

அந்த வருடம் செப்டம்பரிலேயே சோதனை வந்தது. யோவா பாறைத்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது. புயல் வேறு. ஏரா எனப்படும் அடிமரத்துக்குக் கீழே பாதுகாப்புக்காக அடித்திருந்த கட்டை சிம்பு சிம்பாகப் பெயர்ந்து மிதந்தது. மேல்தளத்தில் இருந்த உணவுப் பெட்டிகளைக் கடலில் வீசி எடையைக் குறைத்தார்கள். படகு தப்பியது. அந்த இடத்தில் ஒரு பலகை உளுத்திருந்தால், ஏழு பேரின் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் தங்கி, இன்னொரு குளிர்காலம் பனியில் மாட்டி, 1906-ல் யோவா அலாஸ்காவின் நோம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடல்வழியை முழுவதும் கடந்த முதல் படகு அதுதான். இன்று அது ஆஸ்லோவில் ஃபிராம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழர்கள் வேப்பமரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1930-களில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். யோவாவின் பெயரை ஆமுண்ட்சென் மாற்றவில்லை. ராபின்சன் மாற்றினார். தன் மனைவி பெயரில் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். ஆனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளையும் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். 1938 ஆகஸ்டில் கப்பல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பெயர் போனது, கப்பலைத் தெரிந்த கைகள் கூடவே போயின.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. பழைய படகை விற்கும்போது மரத்தையும் பாயையும் மட்டும் கொடுத்தால் போதாது, அதைப் பற்றித் தெரிந்ததையும் கொடுக்க வேண்டும். ஆமுண்ட்சென் அந்த அறிவைச் சம்பாதிக்க ஒரு கோடைக்காலம் செலவழித்தார். ராபின்சன் அறிந்த ஆட்களையே கூட்டிப் போனார். மாமாவின் படகை வாங்கியவருக்கு அந்த இரண்டு வசதியும் இல்லை. மறுநாள் காலையிலேயே அவர் கடலுக்குப் போக வேண்டும்.

அவருக்கு இருந்தது அந்தச் சாக்பீஸ் வட்டங்கள் மட்டும்தான். அத்தையிடம் இதைச் சொன்னேன். பதில் பேசவில்லை. சாயங்காலம், "அந்த அணியத்துப் பக்கம் ஒட்டு ஒண்ணு இருந்துச்சே, அதையும் காட்டினாரா உங்க மாமா?" என்று மட்டும் கேட்டார்.

காட்டினார்.