களஞ்சியமா, களமா?

பள்ளிக்கூடத்தில் 'கிரான்ஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் களஞ்சியம் என்று பொருள் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள 62 வயது ஆயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு பிரான்சில் இருக்கும் அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நார்மண்டியில் ஒரு பழைய கிரான்ஜை வாங்கி வீடாக மாற்றியிருந்தான். கூடத்தில் எதிரெதிராக இரண்டு உயரமான கண்ணாடிச் சுவர்கள். மற்ற சுவர்களில் ஒடுக்கமான, நெட்டையான ஜன்னல்கள்.

"திறப்பெல்லாம் பழசுதான் சித்தப்பா. எதுக்குன்னுதான் தெரியல" என்றான்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் விளக்கினார். கண்ணாடி இருக்கும் இடங்களில் முன்பு பெரிய கதவுகள். கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். நடுவிலிருந்த தரையில் குளிர்காலத்தில் கோலால் கதிரடிப்பார்கள். இரு கதவையும் திறந்தால் தூற்றுவதற்குக் காற்று. ஒடுக்கமான ஜன்னல்கள், கதிர் புழுங்காமலிருக்க விட்ட சந்துகள். அடித்த தானியம் 'கிரெனியே' என்ற பரணுக்குப் போய்விடும். அதுதான் களஞ்சியம். கிரான்ஜ் என்பது கூரை போட்ட களம்! நமக்கு வெயில் உண்டு, களம் வெளியில். அவர்களுக்கு மழை.

"கதிரடித்த தரை எங்கே?" என்று பெரியவர் கேட்டார். டைல்ஸ் போடும்போது பெயர்த்துவிட்டார்கள். ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கவலை அந்த நாட்டுக்கு முன்பே இருந்தது. 1937இல் நாட்டுப்புறக் கலைகளுக்கென்று பாரிசில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். ஜார்ஜ் ஆன்றி ரிவியேர் அதன் தலைவர். போர்க்காலத்தில், 1940களில், வேலையில்லாத இளம் கட்டடக் கலைஞர்களை அது கிராமங்களுக்கு அனுப்பியது. அவர்கள் குடியானவர் வீடுகளையும் தொழுவங்களையும் கிரான்ஜ்களையும் அளந்து வரைந்தார்கள், படம் எடுத்தார்கள், எந்த இடம் எதற்கு என்று எழுதினார்கள். 1425 என்ற எண்ணே அந்தப் பணிக்குப் பெயர். 1977 முதல் அவை வட்டாரவாரியாகப் புத்தகங்களாக வந்தன. ஆனால் நாட்டிலுள்ள எல்லாக் கட்டடங்களையும் யாரால் வரைய முடியும்? என் அண்ணன் மகன் வாங்கியது விடுபட்டவற்றில் ஒன்று.

அவன் வீடாக மாற்றியதில் தவறில்லை. மாற்றாவிட்டால் கூரை விழுந்திருக்கும். முதல் நாள் ஓர் அளவுநாடாவும் கேமராவும் பெரியவரோடு ஒரு மணி நேரமும் போதுமாயிருந்தது.

எழுத்தராக இருந்தபோது எத்தனையோ வரைபடங்களைக் கோப்பில் கட்டியிருக்கிறேன். எல்லாம் கட்டப்போகிற வீட்டின் படங்கள். அதே இடத்தில் ஏற்கெனவே நின்ற கட்டடத்தின் படத்தை நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.