முருங்கைக்கீரைக்கு மார்க் போட்டது யார்?

தேவாரம்னு சொன்னதும் நிறைய பேருக்கு அப்பர், சம்பந்தர் ஞாபகம் வரும். நான் சொல்றது ஊர். போடிக்கும் கம்பத்துக்கும் நடுவில், மலையை ஒட்டின ஒரு பேரூராட்சி. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். கீழே இருந்து ஆட்கள் ஜீப்பில் ஏறி அங்கே வேலைக்குப் போவார்கள். மழையை மலையே வாங்கிக்கொள்கிற பக்கம், அதனால் அடிவாரம் கொஞ்சம் வறண்ட பூமி. அந்த மாதிரி மண்ணில் கேட்காமலேயே வளர்கிற மரம் முருங்கை.

இன்னைக்கு பேசப் போறது சாலட் பற்றி. வீட்டில் சாலட் செய்யணும்னா லெட்டூஸ், வெள்ளரிக்காய், தக்காளி. சத்துக்காக மேலே ஒரு ஸ்பூன் 'மொரிங்கா பவுடர்'. அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ஆரஞ்சை விட 7 மடங்கு வைட்டமின் சி, கேரட்டை விட 4 மடங்கு வைட்டமின் ஏ, பாலை விட 4 மடங்கு கால்சியம். எந்த பிராண்ட் எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே வரிதான். ஒரே வரி பத்து ஃபைலில் இருந்தா, எங்கேயோ ஒரு இடத்தில் இருந்து காப்பி ஆகியிருக்குன்னு அர்த்தம். அதனால ஒரு கிட் பிளேம் போட்டுப் பார்ப்போம்.

அது போய் நிற்கிற இடம் ஹைதராபாத். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட, சி. கோபாலனும் அவரோட சக விஞ்ஞானிகளும் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணை. அதுல 100 கிராம் பச்சை முருங்கைக்கீரைக்கு வைட்டமின் சி 220 மில்லிகிராம், ஆரஞ்சுக்கு 30. கரோட்டின் கீரைக்கு 6780 மைக்ரோகிராம், கேரட்டுக்கு 1890. கால்சியம் கீரைக்கு 440 மில்லிகிராம், பசும்பாலுக்கு 120. வகுத்துப் பாருங்க, 7, 4, 4 வந்துடும். அந்த பாக்கெட் வாசகம் மொத்தமும் மூணு வகுத்தல் கணக்கு.

சரி, அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? அதோட பூர்வீகம் நம்ம குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன பிரிவு ஆரம்பிச்சார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகம் ஆச்சு. அடுத்து வந்த இயக்குநர் அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளுக்கான சத்து அட்டவணையைப் புத்தகமா போட்டார். 1958-ல் ஆய்வகம் ஹைதராபாத்துக்கு இடம் மாறிடுச்சு. இந்த ஊர்ல, இந்தக் காசுக்கு என்ன வாங்கிச் சாப்பிட்டா உடம்பு தேறும்? அவங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி அதுதான்.

அது எவ்வளவு தீவிரமான கேள்வின்னு மதுரையில தெரியும். தேனி மாவட்டம் 1996-ல்தான் பிரிஞ்சது. அதுக்கு முன்னால் தேவாரமும் மதுரை மாவட்டம். 1970-களின் தொடக்கத்தில், பின்னாளில் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி, மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் இருந்தப்போ, வைட்டமின் ஏ இல்லாம கருவிழி கரைஞ்சு பார்வை போகிற குழந்தைகளுக்காக ஒரு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் நடந்தது. மருந்தோட சேர்த்து அங்கே அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சமையல், கையில் கிடைக்கிற கீரை காய்களை வெச்சு. 'ஹெல்தி' என்ற வார்த்தையை நாம ரொம்ப லேசா பயன்படுத்துறோமோன்னு எனக்குத் தோணும்.

இப்போ அதே மாவட்டத்தில் நடந்த இன்னொரு விஷயம். தேவாரத்தில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி பெரியகுளம். அங்கே இருக்கிற தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட முருங்கை ரகம் பி.கே.எம்.-1. பெரியகுளத்தோட சுருக்கம்தான் அந்த பி.கே.எம். மூல ரகம் தூத்துக்குடி பக்கத்தில் எப்போதும்வென்றான் என்கிற ஊரில் இருந்து வந்தது. (ஸ்டார்ட்-அப்புக்கு இதைவிட நல்ல பேரு கிடைக்காது.)

அதுவரை முருங்கைன்னா போத்து வெட்டி நடுவாங்க. பக்கத்து ஊருக்குத்தான் போகும். இது விதையில் வளரும், ஆறு மாசத்தில் காய்க்கும். விதையைக் கவரில் போட்டு உலகத்துக்கே அனுப்பலாம், அனுப்பினாங்க. இதுல வேடிக்கை, பெரியகுளத்துக்காரங்க குறி வெச்சது சாம்பாருக்கான காய். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இதை வளர்த்தது இலைக்காக. 1990-களில் செனகலில் லோவல் ஃபுக்லி போன்றவர்கள் ஊட்டக்குறைவுள்ள தாய்க்கும் குழந்தைக்கும் இலைப்பொடியைக் கொடுத்துப் பார்த்தாங்க. அந்த வேலையோடதான் நம்ம அட்டவணை எண்களும் உலகம் சுத்த ஆரம்பிச்சது. கடைசியில 'சூப்பர்ஃபுட்'னு பேரு வாங்கிக்கிட்டு, ஆங்கில லேபிளோட நம்ம கடைக்கே திரும்பி வந்தது.

லேபிளில் ஒரு கோளாறு இருக்கு. அந்த 7 மடங்கு, 100 கிராம் பச்சை இலைக்கான எண். டப்பாவில் இருக்கிறது பொடி. காயவெச்சா வைட்டமின் சி பெரும்பகுதி போயிடும். ஒரு டீஸ்பூன் பொடி ரெண்டு மூணு கிராம்தான் வரும். 2017-ல் அதே நிறுவனம் எல்லாத்தையும் புதுசா அளந்தப்போ கீரையோட கால்சியம் 440-ல் இருந்து 314-க்கு இறங்கிடுச்சு. பாலை விட 3 மடங்கு கூட வராது. பாக்கெட்டில் யாரும் அப்டேட் பண்ணலை.

ஆனா 314-ம் சின்ன எண் இல்லை. பழைய அட்டவணையில் லெட்டூஸ் 50, வெள்ளரிக்காய் 10. அதனால என் கிண்ணத்தில் கீரைதான் முதல். பச்சையா போட்டா காரமும் கசப்பும் வரும், அதனால ஒரு நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுங்க. கொதிக்க வெச்சா இரும்புச்சத்து உடம்புக்குக் கிடைக்கிற அளவு சுமார் 3 மடங்கு கூடுதுன்னு தைவானில் இருக்கிற உலகக் காய்கறி மையம் ஆய்வகத்தில் பார்த்திருக்கு. வெந்நீரில் வைட்டமின் சி கொஞ்சம் போகும், அதுக்கு எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம். கரோட்டின் உடம்பில் சேர கொழுப்பு வேணும், அதுக்குத் தேங்காய்த் துருவல், வறுத்த வேர்க்கடலை. புரதத்துக்கு முளைகட்டின பாசிப்பயறு. தக்காளியிலும் ஒரு பி.கே.எம்.-1 இருக்கு தெரியுமா? தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி ஊரோட நாட்டு ரகத்தில் இருந்து வந்தது.

பொடி டப்பா வேண்டாம். தேவாரம் பக்கம் எந்த வீட்டு வாசலில் நின்னு கேட்டாலும், "அட, ஒடிச்சுக்கிட்டுப் போப்பா"ன்னு சொல்வாங்க. பொழுது சாயறதுக்குள்ள கேட்டுடுங்க. ராத்திரியில் கீரை ஆகாதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.