நோயாளியின் பேச்சை அளந்த கதை

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேத்தூர். என் தாய்மாமா அங்கே ஒரு தென்னந்தோப்பும் சில மாமரங்களும் வைத்திருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குச் சர்க்கரை நோய். பருவத்தில் மாம்பழம், மற்ற மாதங்களில் யாராவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தால் பால்கோவா. "இப்படியே தின்றால் காலை எடுக்க வேண்டியதுதான்" என்று ஒரு மருத்துவர் அதட்டினார். மாமா என்ன செய்தார் தெரியுமா? பால்கோவாவை விடவில்லை, அந்த மருத்துவரிடம் போவதை விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலது காலில் ஒரு விரலை எடுக்க நேர்ந்தது.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதையேதான் செய்தேன். இயற்பியல் ஆசிரியனாயிற்றே! கணையம், இன்சுலின், இரத்தக் குழாய் என்று கரும்பலகை ஒன்றுதான் இல்லை, முழுப் பாடமும் நடத்தினேன். மாமா பொறுமையாகத் தலையாட்டினார். நான் ஊர் திரும்பிய அன்றே அலமாரியில் பால்கோவா இருந்ததாம், அத்தை சொன்னார்.

நன்மை எது என்று தெரிந்த பிறகும் மனிதன் ஏன் அதைச் செய்வதில்லை? நோயாளிக்குக் கீழ்ப்படியத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் சொல்லி வந்தது. பேசியவரின் பேச்சில் கோளாறு இருக்கக் கூடுமோ என்ற ஐயம் எப்படி எழுந்தது, அதை எப்படி அளந்தார்கள் என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

முதலில் சென்னைக்குப் போவோம். 1956-ஆம் ஆண்டு அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தவை. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் இருப்பது அதுதான். அக்காலத்தில் காசநோய் என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு தரும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவே இல்லை. எனவே நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியம். மறு பிரிவினர் நெருக்கமான வீடுகளில், ஏழ்மையான உணவுடன் இருந்துகொண்டே அதே மருந்துகளை உண்டார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகைத் திகைக்க வைத்தது. ஓராண்டுச் சிகிச்சையின் முடிவில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை! உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு நம் சென்னைக் குடிசைகளும் ஒரு காரணம்.

இந்த வெற்றிக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையில் உண்கிறாரா? அன்றைய மருந்துகளில் ஒன்றான பாஸ் அளவில் பெரியது, வயிற்றைப் புரட்டுவது. உடல் தேறியதும் அதை யார் விழுங்குவார்கள்? மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றார்கள். மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடயம் உண்டா என்று சோதித்தார்கள். அங்கே பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், நோயாளி தானே மருந்து உண்பதிலுள்ள இந்தச் சிக்கலைப் பற்றி 1958-இலேயே தனிக் கட்டுரை எழுதினார். அடுத்து, வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சென்னை மையம் சோதித்தது. 1964-இல் அதன் முடிவு வந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று இது.

கண்காணிப்பு நல்ல வழிதான். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. காசநோய்க்கு மாதக் கணக்கு. சர்க்கரைக்கு வாழ்நாள் கணக்கு. என் மாமாவின் அலமாரிக்கு எந்த அரசு காவலாளி வைக்கும்? பீடி, சாராயம், உப்பு, இனிப்பு ஆகிய இவற்றிலெல்லாம் நோயாளியே தன் காவலாளி ஆக வேண்டும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சிகிச்சையைச் சரிவரத் தொடர்கிறார்கள் என்று 2003-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

கண்காணிக்க முடியாத இடத்தில் எஞ்சுவது பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சை ஆராய வேண்டுமானால் அதைப் பிடித்து வைக்க ஒரு கருவி வேண்டுமல்லவா? அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் 1940-களின் தொடக்கத்தில் ஆலோசனை அறைக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். காந்த நாடா புழக்கத்திற்கு வராத காலம். சுழலும் தட்டில் ஊசி கீறிப் பதியும். சில நிமிடங்களில் தட்டு நிரம்பிவிடும், மாற்ற வேண்டும். இத்தனை தொல்லைக்கும் பலன் இருந்தது. நோயாளியைத் தம் போக்கில் பேச விடுவதாக நினைத்துக்கொண்டிருந்த ஆலோசகர்கள், உண்மையில் எவ்வளவு கட்டளையிடுகிறார்கள் என்பதைத் தட்டு காட்டிக்கொடுத்தது. தொலைநோக்கி வந்த பிறகுதானே வியாழனின் நிலவுகள் தெரிந்தன!

ராஜர்ஸின் வழி வந்தவர் வில்லியம் மில்லர். 1980-இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வில், அளவுமீறிக் குடிப்பவர்களுக்கு ஒன்பது ஆலோசகர்கள் சிகிச்சை அளித்தார்கள். எல்லாரும் பயின்றது ஒரே முறை. முடிவுகளோ ஆளுக்கு ஆள் வேறுபட்டன. நோயாளியின் மனநிலையைக் கூர்ந்து கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனுக்கேற்ப ஆலோசகர்களை வரிசைப்படுத்தியபோது புதிர் அவிழ்ந்தது. ஆறு மாதத்திற்குப் பின் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அந்த ஒரு திறனே விளக்கியது. அத்திறன் குறைந்த ஆலோசகரிடம் போவதைவிட, வீட்டில் ஒரு நல்ல கையேட்டைப் படித்திருந்தாலே மேல் என்னும் நிலை!

1982-இல் மில்லர் நார்வே நாட்டில், பெர்கன் நகருக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவ விடுதியில் தங்கியிருந்தார. அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் தங்களுக்குப் பிடிகொடுக்காத நோயாளிகளைப்போல நடித்துக் காட்ட, மில்லர் அவர்களிடம் பேசினார். அவர்கள் சும்மா இருக்கவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்தி, "இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? வேறொன்றை ஏன் கேட்கவில்லை?" என்று துளைத்தார்கள். தம்மை அறியாமலே தாம் சில விதிகளைப் பின்பற்றி வருவது மில்லருக்கு அப்போதுதான் புலப்பட்டது. மாணவர் கேட்ட கேள்வியால் ஆசிரியருக்குப் பாடம் புரிவது எங்கள் தொழிலில் புதிதன்று. எழுதி வைத்த அக்குறிப்புகள் 1983-இல் கட்டுரையாயின. ஸ்டீபன் ரோல்னிக் என்பவருடன் சேர்ந்து 1991-இல் நூலாகவும் வந்தன. 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்று பெயர். நாம் ஊக்க நேர்காணல் என்போம்.

இதன் கருத்தை நியூட்டனின் மூன்றாம் விதியை உவமையாகக் கொண்டு விளக்கலாம். (உவமை மட்டுமே, மனத்திற்குச் சமன்பாடு எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள்.) தயங்குகிற மனிதனுக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன: ஒன்று மாறவேண்டும் என்கிறது, மற்றது வேண்டாம் என்கிறது. நாம் முதல் குரலைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளினால், அவனுக்கு மிஞ்சுவது இரண்டாம் குரல்தான். அதை அவன் உரக்கப் பேசுகிறான். தன் காதாலேயே கேட்டு அதையே நம்பவும் தொடங்குகிறான்.

இராஜபாளையத்திற்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறித்தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டார். செவிலியர் கேட்கிறார்:

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க? உயிருக்கே ஆபத்துன்னு தெரியாதா?"

"இருமல்தான் நின்னுபோச்சே, சிஸ்டர். மாத்திரை வயித்தைப் புரட்டுது. தறியில நிக்க முடியல."

பார்த்தீர்களா? நிறுத்துவதற்கான வழக்கை அவர் வாயாலேயே வாதாட வைத்துவிட்டோம். இனி மற்றொரு விதம்:

"இருமல் நின்ன பிறகும் மாத்திரை போடுறது பெரும்பாடா இருக்கு, இல்லையா அண்ணாச்சி?"

"ஆமா சிஸ்டர், வயித்தைப் புரட்டுது... ஆனா வீட்டுல சின்னப்புள்ள இருக்கு. அதுக்கு ஒட்டிக்கிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல."

"பிள்ளைய நினைச்சுத்தான் இன்னைக்கு இங்க வந்திருக்கீங்க."

"அதேதான். மாத்திரையை எப்படிப் போட்டா புரட்டாது, சிஸ்டர்?"

இப்போது அறிவுரையை அவரே கேட்கிறார். கேட்டுப் பெற்ற அறிவுரை காதில் இறங்கும். செவிலியர் முதலில் செய்தது, அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது மட்டுமே. அதில் மாற்றத்தின் பக்கம் சாயும் ஒரு சொல் வந்தவுடன் அதைப் பிடித்துக்கொண்டார். எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எளிதன்று என்பதை அளந்து காட்டியவரும் மில்லரே. எதிர்வாதம் செய்யும் பாணி நோயாளியின் எதிர்ப்பையும் வளர்ப்பதை 1993-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார். ஆலோசகர் எதிர்த்துப் பேசிய அளவு கூடக்கூட, ஓராண்டுக்குப் பிந்தைய குடியும் கூடுதலாக இருந்தது. (மோசமான குடியர்தாம் ஆலோசகரை வாதத்திற்கு இழுத்தார்களோ என்ற ஐயமும் நியாயமே.) பின்னர்த் தம் பயிற்சி முகாமையே சோதனைக்கு உட்படுத்தினார். 2001-இல் வெளியான முடிவு அவருக்கே கசப்பானது. இரண்டு நாள் முகாம் முடித்தவர்கள் நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். ஒலிநாடா அதை ஒப்பவில்லை. பேச்சில் சிறிது மாற்றம். எதிரே இருந்தவரின் பதிலில் மாற்றமே இல்லை. பிறகு 140 பேரைப் பல பிரிவாக்கிச் சோதித்தார்கள். முடிவு 2004-இல் வந்தது. முகாமோடு நின்றவர்களின் திறன் நிலைக்கவில்லை. தம் பதிவுகளுக்கு மதிப்பீடு, தொடர்ந்து வழிகாட்டுதல் இரண்டும் பெற்றவர்களிடம் பேசியபோதுதான் நோயாளிகளின் பேச்சும் மாறியது. நாதஸ்வரம் புத்தகத்தால் வருமா?

இதையெல்லாம் செய்ய உளவியல் பட்டம் வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த சோதனை அதற்கு விடை தருகிறது. கேடு விளைவிக்கும் அளவு குடித்த 377 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், ஊக்க நேர்காணலை அடிப்படையாகக் கொண்டு, அதிகம் போனால் நான்கு முறை பேசினார்கள். மூன்று மாதத்தில் குடிச்சிக்கலிலிருந்து மீண்டவர்கள் அப்பேச்சைப் பெற்றவர்களில் 36 விழுக்காடு; வழக்கமான கவனிப்பை மேம்படுத்திய அளவில் நின்றவர்களில் 26 விழுக்காடு. ஓராண்டில் இது 54-க்கு 32 என்றாயிற்று. 2017-இல் வெளியான இந்த முடிவுகளில் ஒரு குறையும் உண்டு: குடியைத் தொடர்ந்தவர்கள் குடித்த அளவு மூன்று மாதத்தில் குறைந்திருக்கவில்லை. அந்த ஆலோசகர்களைப் பழக்கிய விதம்தான் என்னைக் கவர்ந்தது. அமர்வுகளைப் பதிவு செய்து, கூடி உட்கார்ந்து, ஒருவர் பதிவுக்கு மற்றவர்கள் மதிப்பெண் போட்டார்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் தமிழகத்தில் வீடு தேடி வரலாயின. மாத்திரை வீட்டு வாசல் வரை வந்துவிடும். வாசலிலிருந்து வாய்க்குப் போகும் தூரம் நம் பாடு.

இதையெல்லாம் படித்த துணிவில் சென்ற மாதம் சேத்தூர் போனேன். ஊக்க நேர்காணலில் ஓர் அளவுகோல் உண்டு: மாறுவது எவ்வளவு முக்கியம் என்று சுழியிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். எண் எதுவானாலும், அதைவிடக் குறைவாக ஏன் சொல்லவில்லை என்பதே அடுத்த கேள்வி.

"இனிப்பைக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், மாமா? பத்துக்கு எத்தனை?"

"ஒரு நாலு போடலாம், மாப்ளே."

"ஏன், ஒன்னுன்னு சொல்லலையே?"

மாமா தோப்புப் பக்கம் பார்த்தார். "மிச்ச விரலாவது இருந்தாத்தான வரப்புல நடக்க முடியும்" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பத்து நிமிடம் நரம்புச் சிதைவைப் பற்றி விளக்கினேன். மாமா எழுந்து மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார். அவர் அனுமதியுடன் கைப்பேசியில் பதிவு செய்திருந்ததை ஊர் திரும்பியபின் போட்டுக் கேட்டு, கடிகாரத்தை வைத்து அளந்தேன். மொத்தம் பத்தொன்பது நிமிடம். அதில் மாமா பேசியது நான்கு நிமிடத்திற்கும் குறைவு. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.