செகந்திராபாத் சரக்குக் கொட்டகையும் சுமைதாங்கி மரபும்

முன்னுரை

சுமை ஏற்றி இறக்கும் தொழிலின் வரலாறு பெரும்பாலும் வணிக வரலாற்றின் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது. வேலையை விரைவுபடுத்துதலும் சுமப்பவர் உடல் வருத்தத்தைக் குறைத்தலும் ஒன்றற்கொன்று முரணானவையா என்னும் வினாவை, தமிழகச் சுமைதாங்கிக் கல்லையும் செகந்திராபாத்தின் இருப்புப்பாதை வரலாற்றையும் இணைத்து நோக்கி இக்கட்டுரை ஆராய்கின்றது.

சுமைதாங்கி

நிறுத்திய இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைப்பது சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதனை நிறுவும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. அவ்வழக்கத்தின் பொருள் ஒருபுறமிருக்க, கல்லின் உயரமே இங்குக் கருதத்தக்கது. தலைச்சுமையாளர்க்கு நடத்தலினும் கடினமானவை, தரையிலிருந்து தூக்குதலும் தரையில் இறக்குதலும். சுமையைத் தரைக்குத் தாழ்த்தாமல் இளைப்பாறவும், பிறர் கைகொடாமலே மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் இக்கல் உதவிற்று.

இரு பாதைகள், இருமுறைச் சுமை

1806இல் மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற செகந்திராபாத், படைவீட்டு நகராக வளர்ந்தது. அந்நகரின் உஜ்ஜயினி மகாகாளி கோயிலை 1815இல் நிறுவியவர், படையில் டோலி சுமந்த சுரிட்டி அப்பையா என்பது வழிவழிச் செய்தி. 1874இல் வாடியிலிருந்து அகலப் பாதை இந்நகரை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்மாட்டிலிருந்து மீட்டர் பாதையும் வந்து சேர்ந்தது. முன்னது 1676 மி.மீ., பின்னது 1000 மி.மீ. ஒன்றன் வண்டி மற்றொன்றில் ஓடாது. எனவே பாதை மாறும் சரக்கை இறக்கி மீண்டும் ஏற்றவேண்டியிருந்தது. சரக்கை ஓரடியும் முன்னகர்த்தாத இவ்வுழைப்பு ‘ஹமாலி’ எனப்படும் சுமைத் தொழிலாளர் தோளில் விழுந்தது. வண்டித்தளத்தின் உயரத்திற்கு எழுப்பப்படும் சரக்கு மேடை, சுமைதாங்கியின் அறிவையே பின்பற்றுவது எனலாம்.

விரைவும் உடலும்

1899இல் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் டெய்லர், ஒருவர் நாளொன்றுக்கு ஏற்றும் இரும்பை 12½ டன்னிலிருந்து 47½ டன்னாக உயர்த்தியதாக எழுதினார். அவர் கூற்றின் முழு உண்மையைப் பிற்கால வரலாற்றாசிரியர் ஐயுற்றுள்ளனர். ஆயினும், நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் தொழிலாளி சுமையின்றி இருத்தல் வேண்டும் என அவரும் வகுத்தமை நோக்கத்தக்கது. இந்தியாவில் 1992இல் தொடங்கிய ஒற்றைப் பாதைத் திட்டம் வேறு வழியைக் கொண்டது. அது தூக்குவோரை விரைவுபடுத்தவில்லை, தூக்கவேண்டிய தேவையையே நீக்கியது. சரக்குப் பெட்டகமும் பாரந்தூக்கியும் செய்வது இதுவே.

முடிவுரை

1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பரிந்துரை, ஆடவர் சுமைக்கு 55 கிலோ எல்லை குறித்தது. 1991இல் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் திருத்தியமைத்த கணக்கீடோ, 75 செ.மீ. உயரத்திலிருந்து தூக்கும் நன்னிலையிலும் 23 கிலோவையே எல்லையாகக் கொள்கின்றது. 50 கிலோ மூட்டை முதலதற்குள் அடங்கும். இரண்டாவதற்கு இரு மடங்குக்கு மேலாகும். மூட்டைக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு மூட்டையின் எடையைக் குறைக்குங்கால் கூலி விகிதத்தையும் சீர்செய்தல் வேண்டும். இயந்திரம் வருங்கால் அவர்தம் பிழைப்பையும் எண்ணுதல் வேண்டும். விரைவும் உடல்நலமும் முரணானவை அல்ல. சுமையைத் தரைக்குத் தாழ்த்தாத அமைப்பு இரண்டையும் தரும் என்பதே இவ்வாய்வின் முடிபு.