சோறு நிறைத்த பள்ளிக்கூடம்

எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் நிறைஞ்சது சோத்தால. காமராசர் 1956-ல் மதிய உணவு கொண்டுவந்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். அப்போ நான் நாலாங் கிளாஸ். ஆடு மேய்க்கப் போன பசங்களும் தட்டோட வந்து உக்காந்தாங்க. சாப்பிட வந்தவங்க எழுத்தும் கத்துக்கிட்டாங்க.

பிறகு மெட்ரிக் பள்ளி வேன் தெருவுக்குள்ள வந்தது. வீட்டுக்கு ஒண்ணு, ரெண்டு பிள்ளைன்னும் ஆயிடுச்சு.

வாத்தியார் சரியில்லாமத்தான் கூட்டம் குறைஞ்சதுன்னு பட்டணத்துல இருக்கிற நீங்க நினைக்கலாம். கணக்கைப் பாருங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர். வகுப்போ அஞ்சு. ஒருத்தர் மீட்டிங் போயிட்டா, இன்னொருத்தர் அஞ்சு வகுப்பையும் கட்டி மேய்க்கணும். அதைப் பாக்குற தகப்பன் பிள்ளையை வேன்ல ஏத்திடுறான். பதிவேட்டுல இன்னும் ஒரு பேர் குறையுது.

அதே சட்டம் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குது. அந்தக் கட்டணத்தையும் அரசாங்கமே தரணும்.

2022-ல் காலை உணவும் வந்தாச்சு, நல்லதுதான். ஆனா இப்போ பிள்ளைகள் பசியால வெளிய போகல. வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருந்தா, வேனுக்குக் கட்டுற காசு எங்க வீட்லயே மிஞ்சும்.